மூன்று பேருக்குத்தான் தெரியும்

புதன்கிழமை சாயங்காலம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள அழைக்கப்பட்டவர்கள், மொத்தம் அறுபத்திரண்டு பேர். ஜெயபாரதி மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். பிறகு கீழிருந்து மேலே படித்தாள். ஜெயக்குமார் இருந்தான், ஜெயஸ்ரீ இருந்தாள். அவள் பெயர் இல்லை. தோழி ஷாகிராவின் பெயர் நாற்பத்தேழாவதாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒருவர் பின்னால் ஒருவர் நின்று விண்ணப்பம் கொடுத்தவர்கள்.

ஏதாவது காகிதம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் காலை வக்கீல்கள் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்கு உள்ளே மெஹபூப் அலி என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தார். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற ஆறு பேரையும் தலை நிமிராமலே அனுப்பி வைத்தவர், அவளுடைய விண்ணப்ப எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டியதும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

"உங்க ஃபைல் உள்ள கீதும்மா."

"உள்ளன்னா யார்கிட்ட சார்?"

"உள்ளன்னா உள்ளதான். லெட்டர் வரும், போங்க."

"பேப்பர் எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதானே சார் பாத்து சீல் போட்டீங்க?"

"பேப்பர்லாம் கரெக்டாத்தான் கீது." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உடம்பு இப்போ எப்டிம்மா கீது?"

அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் ஜலதோஷம்கூட இல்லாமல் நிற்கிறவளைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவர் எதற்கு உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டும்?

ஐந்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. "மனுதாரரின் மனநலம் குறித்துக் குழுவின் கவனத்துக்கு வந்துள்ள தகவலின் பேரில், உரிய மருத்துவச் சான்றுடன் இம்மாதம் இருபத்தோராம் தேதி நேரில் ஆஜராகவும்." அவ்வளவுதான். கோடம்பாக்கம் வீட்டின் சமையலறையில் நின்றபடியே அதைப் படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை. 'வந்துள்ள தகவல்.' யார் கொண்டு வந்தது? அதைச் சொல்லாமல் எவ்வளவு பதவிசாக எழுதியிருக்கிறார்கள்!

விண்ணப்பத்தில் குற்ற வழக்கு உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. வேறு வேலையில் இருக்கிறாயா என்று ஒரு கேள்வி இருந்தது. நோயைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவளும் எழுதவில்லை.

நோய் இருந்தது உண்மைதான். சட்டக் கல்லூரியில் நாலாம் வருஷம், செங்கல்பட்டுக்கு அப்பால் இருந்த ஹாஸ்டலில், ஆறு நாள் தூங்காமல் இருந்தாள். களைப்பே இல்லை. நோட்டு நோட்டாக மனு எழுதினாள். மெஸ் தண்ணீரில் வார்டன் எதையோ கலக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு, விடுதிப் பெண்களை எல்லாம் எழுப்பிக் குடத்தைக் கவிழ்க்கச் சொன்னாள். ஏழாம் நாள், கூட இருந்த ஷாகிராதான் ஒரு காரைப் பிடித்து, மடியில் படுக்கவைத்துக்கொண்டு, மெட்ராஸ் வரைக்கும் தலையைத் தடவியபடியே கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இருபத்திரண்டு நாள். பைபோலார் என்றார்கள். அன்றிலிருந்து லித்தியம் மாத்திரை, நாலு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இரண்டு வருஷமாக ஒரு குறையும் இல்லை.

இது மூன்று பேருக்குத்தான் தெரியும். அப்பா அய்யாதுரை, டாக்டர் ஜலஜா, ஷாகிரா. அம்மா இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. சொந்தக்காரர்களுக்கு டைபாய்டு என்று சொல்லியிருந்தார்கள்; விடுதியில் காய்ச்சல் முற்றிப் பிதற்றினாள் என்று ஷாகிரா சொல்லிவைத்திருந்தாள். ஆஸ்பத்திரி ஜாதகத்தை அலசிப் பார்க்கிற அளவுக்கு அவளுக்கு எதிரிகள் யாரும் கிடையாது. அப்படியானால் மூவரில் ஒருவர்.

இப்படி விரல் விட்டு எண்ணிக்கொண்டு நிற்கும்போதே அவளுக்கு வேறொரு பயமும் வந்தது. டாக்டர் ஜலஜா ஒரு விதி சொல்லி வைத்திருந்தார். தூக்கம் குறைந்து, கூடவே யார்மேலாவது சந்தேகமும் வந்தால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் போன் செய்ய வேண்டும். அன்றைக்கும் வார்டன் மேல் வந்த சந்தேகம் இதே மாதிரிதான், கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. இது நிஜமா, அந்த நோயா? டைரியை எடுத்துப் பார்த்தாள். போன வாரம் முழுக்கத் தூக்கம் ஆறரை மணி, ஏழு மணி, ஆறேகால் மணி. மாத்திரை ஒரு வேளையும் தப்பவில்லை. சரி, இந்தச் சந்தேகம் என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அதில் ஓர் ஆறுதலும் இருந்தது, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

முதலில் ஆழ்வார்பேட்டைக்குப் போனாள். டாக்டர் ஜலஜா கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"என்கிட்ட யாரும் கேக்கல பாரதி. கேட்டிருந்தாலும் உன் கையெழுத்து இல்லாம ஒரு சீட்டுகூட வெளிய போகாது. சட்டமே அப்படித்தான் சொல்லுது, உனக்குத் தெரியாததா?"

"உங்க கிளினிக்ல வேற யாராவது..."

"உன் ஃபைல் என் அலமாரியில இருக்கு. சாவி என் பையில இருக்கு." டாக்டருக்குக் கோபம் வரவில்லை. "தூக்கம் எப்படி?"

ஜெயபாரதி டைரியைக் காட்டினாள். டாக்டர் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார்.

"சான்று இப்பவே எழுதித் தரேன். வக்கீல் வேலை பாக்க உனக்கு ஒரு தடையும் இல்ல. ஆனா இதைக் கொண்டுபோய் அவங்ககிட்ட நீட்டணுமா வேண்டாமாங்கிறது டாக்டர் சொல்ற விஷயம் இல்ல. அதை நீதான் முடிவு பண்ணணும்."

ஆழ்வார்பேட்டையிலிருந்து நேராக தி.நகர். உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் அய்யாதுரையின் மேட்சிங் ப்ளவுஸ் கடை. சாத்தான்குளத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டது. கடையில் கூட்டம் இல்லாத மதிய வேளை. மயில்கழுத்துக் கலரில் ஏழு வகையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு அம்மாள் வாங்காமல் போயிருந்தாள். அவர் ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார்.

கடிதத்தைப் படித்ததும் கையில் இருந்த துணி நின்றது.

"இது எப்பிடிம்மா அவியளுக்குத் தெரிஞ்சிச்சி?"

"அதைத்தாம்ப்பா கேக்கேன். நீங்க யார்ட்டயாவது சொன்னீங்களா?"

"நானா? நான் என்னத்துக்கும்மா சொல்லப் போறேன்? உங்க சித்தப்பாட்டயே சொல்லலியே." அவர் மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். "பொம்பளப் பிள்ள காரியத்த எவம்மா வெளிய சொல்லுவான்?"

கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் எப்போதுமே துணியைப் பார்த்துப் பேசுகிற மனிதர். ஜெயபாரதி அதைக் கவனித்தாள், கவனித்துவிட்டு ஒதுக்கி வைத்தாள். அப்பாவைச் சந்தேகப்பட்டால் பிறகு யாரோடு ஒரே வீட்டில் சாப்பிடுவது?

மீதி இருந்தது ஷாகிரா.

இருவரும் ஏழு மாதமாக மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பின்னால் சுவாமிநாதன் என்ற சீனியர் வக்கீலின் அலுவலகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தார்கள். பதிவு முடிந்ததும் அங்கே ஒரு ஜூனியருக்குத்தான் இடம். அதைப்பற்றி இருவரும் வேடிக்கையாகப் பேசியிருக்கிறார்கள். யாருக்குக் கிடைத்தாலும் மற்றவளுக்குப் பிரியாணி என்று பந்தயம்கூட உண்டு. இப்போது யோசித்தால் அந்த வேடிக்கைக்கு உள்ளே வேறு ஏதோ இருந்ததுபோலத் தோன்றியது.

அந்த வாரம் அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் உள்ளே நுழைந்தால் சீனியர் அறையில் ஷாகிராவின் பேச்சு நின்றது. முன்பெல்லாம் மேசைமேல் மல்லாந்து கிடக்கும் ஷாகிராவின் போன் இப்போது கவிழ்ந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை ஷாகிரா பதிவு செய்துகொண்டாள். கவுன் போட்டு எடுத்த படத்தைக் குழுவில் போடவில்லை. அதுவும் உறுத்தியது. திங்கட்கிழமை சுவாமிநாதன் கூப்பிட்டார்.

"உக்காருங்கோ ஜெயபாரதி. நீங்க வேணும்னா கொஞ்ச நாள் ஆத்துலயே இருந்துண்டு ரெஸ்ட் எடுத்துக்கலாமே. இங்க ஒண்ணும் அவசரமில்லை."

"எதுக்கு சார் ரெஸ்ட்?"

"இல்ல, பொதுவா சொன்னேன்." மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிக்கிறவரை அவள் நின்றால் சங்கடப்படுவார் என்று தெரிந்தது, வெளியே வந்துவிட்டாள்.

ஷாகிரா கை கழுவப் போயிருந்தாள். அவள் போன் சார்ஜில் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத் திரை ஒளிர்ந்தது. அவள் தங்கை தூபாவிடமிருந்து ஒரு செய்தி. "ஸார்கிட்ட நீ சொன்னத பாரதிகிட்ட சொல்லிட்டியா இல்லியா?"

பிறர் போனைப் படிப்பது தவறு என்று அவளுக்குத் தெரியும். படித்த பிறகுதான் தெரிந்தது.

மாடிப்படியின் திருப்பத்தில் ஷாகிராவை நிறுத்தினாள்.

"சார்கிட்ட என்னைப்பத்தி என்ன சொன்ன?"

ஷாகிராவின் முகம் வெளுத்தது. "இன்னா திடீர்னு?"

"சொன்னியா இல்லியா?"

"ஒண்ணும் தப்பா சொல்லல பாரதி. அப்புறம் பேசலாம், இங்க வாணாம்."

"பதிவு ஆபீஸ்லயும் நீதானே சொன்ன? மூணு பேருக்குத்தான் தெரியும். டாக்டர் இல்ல, எங்க அப்பா இல்ல. உனக்கு இந்த சீட் வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே, நானே விட்டுக் குடுத்திருப்பேன்."

ஷாகிரா கிட்டே வந்து அவள் கண்களை உற்றுப் பார்த்தாள். அஞ்சு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். பிறகு, ரொம்ப மெதுவாக, பயந்த குரலில் கேட்டாள்.

"மாத்திரை போட்டியா?"

வேறு எதைக் கேட்டிருந்தாலும் ஜெயபாரதி பொறுத்திருப்பாள். கோபப்பட்டால் நோய், கேள்வி கேட்டால் நோய், ஏமாற்றப்பட்டதைச் சொன்னாலும் நோய். உன் பேச்சுக்கெல்லாம் இனிமேல் பதில் இந்த ஒன்றுதான் என்று முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"போட்டேன். சீட்டை நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் யாரும் கூப்பிடவில்லை.

இருபத்தோராம் தேதி விசாரணை. நீளமான அறை, நீளமான மேசை. பதிவுக் குழுத் தலைவர் சிதம்பரநாதன் நடுவில் உட்கார்ந்திருந்தார், பேர்போன சிவில் வக்கீல், அறுபதைத் தாண்டியவர். அவருக்கு வலப்பக்கம் நரைத்த கிராப்போடு ஒரு பெண் உறுப்பினர். இடப்பக்கம் இருந்தவர் போனிலேயே கண்ணாக இருந்தார். தலைவர் முன்னால் ஒரு பச்சை ஃபைல், அதன்மேல் அவருடைய இடது உள்ளங்கை.

"பயப்படாதீங்கம்மா, உங்க நல்லதுக்குத்தான்" என்றுதான் ஆரம்பித்தார். வக்கீல் தொழில் எவ்வளவு அழுத்தமானது என்று சொன்னார். கட்சிக்காரர்களின் சொத்து, உயிர், மானம் எல்லாம் ஒரு வக்கீலின் நிதானத்தில் இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"வருது சார்."

"தனியா உக்காந்து பேசிக்கிறது உண்டா?"

"வாதம் தயார் பண்ணும்போது உண்டு சார்."

பெண் உறுப்பினர் உதட்டோரம் சிரித்தார். சிதம்பரநாதன் சிரிக்கவில்லை.

"யாராவது உங்களுக்கு எதிரா வேலை செய்றாங்கன்னு, சதி பண்றாங்கன்னு, அப்படி எதாவது தோணுதா?"

ஆமாம் என்றால் அந்த ஃபைலில் 'சந்தேக மனநிலை' என்று ஏறிவிடும். இல்லை என்றால், யாரும் எதுவும் செய்யவில்லை, இந்த அறைக்குத் தானே வழி தவறி வந்துவிட்டதாக ஒப்புக்கொண்ட மாதிரி. இரண்டு வாரமாகத் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது. அதையே மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டபோது அவளுக்கு ஏனோ மனசு அடங்கியது.

"சார், 'கவனத்துக்கு வந்துள்ள தகவல்'னு உங்க லெட்டர்ல இருக்கு. தகவல் தானா நடந்து வராது. யாரோ குடுத்திருக்காங்க. அது உங்க கைக்கு அடியில இருக்கு. எனக்கு எதிரான காகிதத்தை எனக்குக் காட்டாம என்னை விசாரிக்கிறீங்க. அதைக் காட்டுங்கன்னு கேட்டா அது நோய் இல்ல சார். எந்த வக்கீலும் முதல் நாள் கேக்கிற கேள்வி."

"அது அலுவலக ரகசியம்மா."

"என் ஆஸ்பத்திரி விவரம் உங்களுக்கு ரகசியம் இல்ல, உங்க ஃபைல் எனக்கு ரகசியமா சார்?"

பெண் உறுப்பினர் கையை நீட்டி, தலைவரின் உள்ளங்கைக்கு அடியிலிருந்து ஃபைலை இழுத்தார். "பொண்ணு கேக்கிறது சரிதான் சார். காட்டாம நாம எழுதுற உத்தரவு கோர்ட்ல நிக்காது." பக்கத்தைப் புரட்டி அவள் பக்கம் தள்ளினார்.

மேலே கல்லூரியின் சரிபார்ப்புக் கடிதம். "மாணவியின் நடத்தை நன்று. மருத்துவ விவரம் தங்கள் பார்வைக்கு." கீழே ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டின் நகல். அதற்கும் கீழே, கடையின் பில் புத்தகத்தில் எழுதுகிற அதே சாய்ந்த எழுத்தில், நீலப் பேனாவில் ஒரு கடிதம்.

"மரியாதைக்குரிய பிரின்சிபால் அய்யா அவர்களுக்கு. என் மகள் ஜெயபாரதிக்கு மனசு சரியில்லாமல் போய் இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இப்போது தேவலை. தாய் இல்லாத பிள்ளை. வருகை குறைவு என்று பரீட்சை எழுத விடாமல் போனால் பிள்ளை மறுபடி ஒடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. டாக்டர் சீட்டு இணைத்துள்ளேன். இது நம் இருவரைத் தவிர வெளியே தெரிய வேண்டாம் என்று காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். பொ. அய்யாதுரை."

நாலாம் வருஷம் வருகை குறைவு என்று நிறுத்திவைத்த ஹால் டிக்கெட் திடீரென்று கிடைத்தது அவளுக்கு நினைவு வந்தது. கல்லூரியே மனமிரங்கியதாக அவள் நம்பியிருந்தாள். கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறி, அந்த பிரின்சிபால் அறை வாசலில் அப்பா காத்துக் கிடந்திருக்கிறார். எழுதிக் கொடுத்தது ஒருவரிடம். அதை ஒரு கிளார்க் ஃபைலில் கோத்திருக்கிறார், இன்னொரு கிளார்க் ஒழுங்காக அனுப்பியிருக்கிறார். யாருக்கும் அவள்மேல் பகை இல்லை. முகம் தெரிந்த ஒரு துரோகி இருந்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

"படிச்சுட்டீங்களாம்மா?"

"படிச்சுட்டேன் சார். எங்க அப்பா ஒரு பரீட்சை எழுத அனுமதி கேட்டு எழுதினது. அந்தப் பரீட்சையில எழுபத்தொண்ணு வாங்கினேன்."

"மருத்துவச் சான்று?"

"பையில இருக்கு. குடுக்க மாட்டேன்." படித்த காகிதங்களை ஃபைலுக்குள் அடுக்கி வைத்தாள். "போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அறுபத்திரண்டு பேர் பதிஞ்சாங்க. அதுல ஒருத்தர்கிட்டயாவது கேட்டிருந்தா நானும் குடுக்கிறேன். எப்பவோ ஆஸ்பத்திரியில இருந்ததை மட்டும் வெச்சு இன்னைக்கும் ஒருத்தருக்கு மனநோய்னு முடிவு கட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. உங்களுக்குத் தெரியாம இருக்காது."

உத்தரவு பின்னர் வரும் என்றார்கள்.

வீட்டுக்குப் போனபோது அய்யாதுரை கடைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்னுதாம்மா கேட்டேன். அவிய தலையில அடிச்சி சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாவ. நீ கடையில வந்து கேக்கும்போது எனக்கு அந்த நெனப்பே வரல. வந்திருந்தா... வந்தாலும் சொல்லியிருக்க மாட்டேம்மா. எப்பிடிச் சொல்லுவேன்?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் எழுதுனது தப்பாம்மா?"

"நீங்க எழுதலன்னா நான் பரீட்சையே எழுதியிருக்க மாட்டேன்ப்பா."

அது உண்மை. ஆனாலும் அன்றைக்கு இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

புத்தகங்களை எடுக்க மயிலாப்பூர் போனபோது சுவாமிநாதன் உட்காரச் சொன்னார். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. "சிதம்பரநாதன் எனக்கு முப்பது வருஷ சிநேகிதன். உங்களைப்பத்தி என்னண்ட விசாரிச்சான். நான் ஷாகிராவைக் கூப்ட்டுக் கேட்டேன். மஞ்சக்காமாலை, வேற ஒண்ணுமே இல்லைன்னு அடிச்சுச் சொல்லித்து அந்தப் பொண்ணு. பொய்னு எனக்குத் தெரியும். ஆனா பாருங்கோ, க்ளையண்ட்ஸ் என்ன நினைப்பான்னும் நான் யோசிக்கணுமோல்லியோ. சீட்டை அவளுக்கே குடுத்துட்டேன்."

ஜெயபாரதி புத்தகங்களைப் பையில் அடுக்கிக்கொண்டு நேராக ராயப்பேட்டைக்கு நடந்தாள். பீட்டர்ஸ் ரோட்டுக்குப் பின்னால், ஷாகிராவின் அப்பா அப்துல் கரீம் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடை. மேலே அவர்கள் வீடு. அப்துல் கரீம் மகளுக்குக் குரல் கொடுத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோலத் தெருவுக்குப் போனார். ஷாகிரா இறங்கி வந்தாள். மேலே வா என்று கூப்பிடவில்லை.

"மாத்திரை போட்டியான்னு கேட்டது தப்பு" என்றாள் ஷாகிரா முதலில். "அதுக்கு சாரி. எனக்கு பயமாப் போச்சு, வாய்ல வந்துடுச்சு. மத்ததுக்கு நீதான் சாரி சொல்லணும்."

"மஞ்சக்காமாலைன்னு சொன்னியாமே."

"வேற இன்னா சொல்ல? அவரு மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சுது, எதுக்கு நோண்டுறாருன்னு. உன்கிட்ட சொன்னா நீ டென்ஷனாவ. தூபா தெனமும் திட்டினா, சொல்லிடு சொல்லிடுன்னு."

"போன்ல அதைத்தான் படிச்சேன். படிச்சதும் எல்லாம் ஒண்ணா பொருந்திடுச்சு ஷாகிரா."

"பொருந்தும். எதையும் பொருத்திக் காட்டத்தானே அஞ்சு வருஷம் படிச்சோம்." ஷாகிரா ஒரு வெற்றுச் சட்டத்தின் மூலையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சீட்டுக்காக உன்னக் காட்டிக் குடுத்தேன்னு சொன்னியே. அது இன்னும் உள்ள கீது. சட்டுனு போவாது."

"தெரியும். மன்னிச்சிடு."

ஷாகிரா தலையை மட்டும் ஆட்டினாள். அது சரி என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா என்று தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. பதிவுக்கு அனுமதி. ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வருஷமும் ஜனவரியில் மனநல மருத்துவரின் சான்று தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் பதிவு நிறுத்தி வைக்கப்படும். அய்யாதுரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வருசத்துக்கு ஒரு சீட்டுத்தானேம்மா, குடுத்துட்டுப் போவோம்" என்றார்.

"இந்த வருஷம் சீட்டு கேப்பாங்க. நாளைக்கு எதிர்க்கட்சி வக்கீல் கோர்ட்ல அந்தச் சீட்டைக் கேப்பான். அப்புறம் நான் எந்த கேஸ் தோத்தாலும் காரணம் அதாத்தான் இருக்கும்ப்பா."

வக்கீல் வைக்காமல் தானே நின்று உயர்நீதிமன்றத்தில் ரிட் போடுவதென்று முடிவு செய்து, மனுவை எழுதி, ஷாகிராவுக்கு அனுப்பி வைத்தாள். சரிபார்த்துக் கொடு என்று மட்டும் கேட்டிருந்தாள். மறுநாள் ஷாகிராவே வக்காலத்துப் படிவத்தோடு கோடம்பாக்கம் வந்து நின்றாள்.

"உள்ள வா."

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. கேஸ் நல்லா கீது, அதான். பத்தாவது பாராவ மாத்து, அழுவுற மாரி கீது. சட்டத்த மட்டும் சொல்லு."

"சுவாமிநாதன் சார்?"

"அவர்கிட்ட கேக்கல. கேட்டா வாணாம்னுவாரு." கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துக் காட்டினாள்.

இரண்டாவது வாய்தாவிலேயே பதிவு அலுவலகத்தின் வக்கீல் எழுந்து, அந்த நிபந்தனை கவனக்குறைவால் சேர்ந்துவிட்டது, திரும்பப் பெறுகிறோம் என்றார். நீதிபதி அதைப் பதிவு செய்துகொண்டு மனுவை முடித்து வைத்தார். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. இனிமேல் யாரிடமும் இப்படிக் கேட்கக் கூடாது என்று உத்தரவு வேண்டும் என்று ஷாகிரா எழுந்தபோது, உங்கள் கட்சிக்காரருக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே என்றார் நீதிபதி. அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதப் பட்டியலில் ஜெயபாரதி பதினெட்டாவது. உறுதிமொழி எடுத்தாள், கையெழுத்துப் போட்டாள், அய்யாதுரை பின்வரிசையில் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஷாகிரா வரவில்லை. கோர்ட்டில் வாய்தா இருந்ததாகச் செய்தி அனுப்பியிருந்தாள். அது நிஜமா என்று விசாரிக்க ஜெயபாரதிக்கு ஒரு நொடி மனசு வந்தது. விசாரிக்கவில்லை.

அடையாறில் ஒரு மாடி அறையில் இரண்டு வக்கீல்களோடு பங்கு போட்டு மேசை போட்டுக்கொண்டாள். முதல் வேலையாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டாள். கடந்த ஐந்து வருஷத்தில் உடல்நலம், மனநலம் காரணமாக எத்தனை விண்ணப்பதாரர்களை விசாரணைக்கு அழைத்தீர்கள், அதில் எத்தனை பேர் பதிவு பெற்றார்கள்?

முப்பத்தெட்டாம் நாள் பதில் வந்தது. அழைக்கப்பட்டவர்கள் பதினொன்று. பதிவு பெற்றவர்கள் நான்கு. மீதி ஏழு பேர் ஆஜராகவில்லை என்பதால் விண்ணப்பங்கள் முடித்துவைக்கப்பட்டன. பெயர்கள் தர இயலாது.

ஏழு பேர். ஒருவருக்கு வலிப்பு இருந்திருக்கலாம், ஒருவருக்குக் காது கேட்காமல் இருந்திருக்கலாம், ஒருவர் அவளைப்போல லித்தியம் சாப்பிடுகிறவராக இருக்கலாம். அதே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யார் சொல்லியிருப்பார்கள் என்று வீட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்திருப்பார்கள். பிறகு அந்த நீள மேசைக்கு முன்னால் போய் நிற்பதைவிடப் பேசாமல் இருந்துவிடலாம் என்று இருந்திருப்பார்கள்.

ஜெயபாரதி சட்டக் கல்லூரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதற்காக, இப்படிக் கடிதம் வந்தவர்கள் தன்னைக் கூப்பிடலாம் என்று ஒரு சிறு அறிவிப்பு எழுதினாள். தன் பெயரைப் போட்டாள், போன் நம்பரைப் போட்டாள். தனக்கு என்ன நோய் என்பதையும் ஒரு வரியில் எழுதினாள். எழுதியதைத் திருப்பிப் படித்தபோது அந்த வரியை அழித்தாள், மறுபடி எழுதினாள். பிறகு அனுப்பினாள்.

மூன்றாம் நாள் மதியம், பெயர் சொல்லாத ஒரு பெண்ணின் குரல் போனில் கேட்டது.

"நான் பேசுறது வேற யாருக்கும் தெரியாதுல்ல மேடம்?"

"உங்க அனுமதி இல்லாம தெரியாது" என்றாள் ஜெயபாரதி. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க."